போலிங்கில் ஒரு நாள் 160, மறுநாள் 105: ஒரே சீராக ஆடுவது எப்படி?

ஒரு நாள் 160 புள்ளி, மறுநாள் 105 என்று வருகிறதே, ஒரே சீராக ஆடுவது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் எண்களைப் பார்த்ததும் என் பழைய புள்ளி அட்டை நினைவுக்கு வந்தது. கோலாலம்பூரில் அலுவலக நண்பர்களோடு வியாழக்கிழமைதோறும் ஆடத் தொடங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. முதல் மூன்று ஆண்டுகள் நானும் இப்படித்தான் ஏறியும் இறங்கியும் கிடந்தேன். இப்போது சராசரி 165. நான் பயிற்றுநர் அல்ல; தட்டுத்தடுமாறிக் கற்றதைச் சொல்கிறேன். உங்களுக்கு வலக்கைப் பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன். இடக்கை என்றால் பக்கங்களை மாற்றிப் படியுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. ஓர் ஆட்டத்தின் பத்துச் சுற்றிலும், தடத்தின் முடிவில் நிற்கும் பத்துப் பின்களில் (கட்டைகளில்) ஒன்பதை முதல் பந்தில் வீழ்த்தி, எஞ்சிய ஒன்றை இரண்டாவது பந்தில் ஒவ்வொரு முறையும் தவறவிட்டால் கிடைப்பது 90. அந்த ஒன்றையும் விடாமல் அடித்து, கடைசியில் கிடைக்கும் கூடுதல் பந்திலும் ஒன்பதை வீழ்த்தினால் 190; இரண்டு பந்தில் பத்தையும் வீழ்த்தினால் (அதுதான் ஸ்பேர்) அடுத்த பந்தின் எண்ணிக்கையும் கூடச் சேரும் அல்லவா? ஒரு ஸ்டிரைக் (முதல் பந்திலேயே பத்தும் வீழ்வது) கூட இல்லை, கவனியுங்கள்! உங்கள் 160க்கும் 105க்கும் நடுவே இருக்கும் பள்ளமும் பெரும்பாலும் இரண்டாவது பந்தில்தான் இருக்கும். நாமோ பந்தை வளைத்து விடுவதற்கே உயிரைக் கொடுக்கிறோம். ஓர் ஆண்டு முழுக்க வளைத்துப் பார்த்தேன். மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம்.

பிழை எங்கே என்று எனக்குக் காட்டியது ஒரு நண்பர் கைப்பேசியில் எடுத்த காணொளி. நான்கு பந்துகள் எறிந்திருந்தேன், நான்கையும் வெவ்வேறு இடத்தில் நின்று. இலக்கு மட்டும் ஒன்று! அன்றிலிருந்து இடது காலணியின் முனை எந்தப் புள்ளியில் நிற்கிறது என்று பார்க்காமல் பந்தை எடுப்பதில்லை. எறிந்து முடித்ததும் அந்தக் கால் எங்கே வந்து நின்றது என்றும் குனிந்து பார்த்துக்கொள்வேன். நண்பர்கள் கேலி செய்வார்கள், செய்யட்டும்.

பின்களைப் பார்த்து எறியாதீர்கள். முதல் பின், காலால் தாண்டக் கூடாத ஃபவுல் கோட்டிலிருந்து 60 அடி தள்ளி நிற்கிறது. லேனில் (பந்து உருளும் தடத்தில்) பதித்திருக்கும் ஏழு அம்புக்குறிகளோ சுமார் 15 அடியிலேயே இருக்கின்றன. லேனின் அகலம் 39 பலகைகள். ஐந்து பலகைக்கு ஓர் அம்பு. வலப்பக்கமிருந்து இரண்டாவது அம்பின் மேல் பந்து உருள்கிறதா என்பதே உங்கள் கவலையாக இருக்கட்டும். உருண்டும் பந்து இடப்பக்கம் தள்ளிப் போய் விழுந்தால், அடுத்த முறை கையைத் திருத்தாமல் காலை இரண்டு பலகை இடப்பக்கம் நகர்த்துங்கள். பிழை எந்தப் பக்கமோ, கால் அந்தப் பக்கம்.

பந்தின் எடையில் வீம்பு வேண்டாம். 14 பவுண்டு பந்தோடு மல்லுக்கட்டிக் கட்டைவிரலில் கொப்புளம் வந்த பிறகே 12க்கு இறங்கினேன். கனம் தாங்காதவர் பந்தை இறுகப் பிடிப்பார். இறுகப் பிடித்தால் கை கடிகார ஊசலைப்போல் தானாக ஆடாது. எறிவதற்கு முன் எடுத்துவைக்கும் நான்கு காலடி நடையில் வலது காலின் முதல் அடியோடு பந்து முன்னே போக வேண்டும். அது பிந்தினால் கடைசி வரை எல்லாமே பிந்தும்.

மூன்றாவது ஆட்டத்தில் புள்ளி திடீரெனச் சரிகிறதா? லேனின் முன்பகுதியில் எண்ணெய் பூசியிருப்பார்கள். ஆட ஆட அது கலைந்துவிடும், பந்து முன்பே வளையத் தொடங்கும். மறுபடியும் காலைத்தான் இடப்பக்கம் நகர்த்த வேண்டும்.

இனி ஸ்பேர். பின்களுக்கு முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை, இடமிருந்து வலமாக 1 முதல் 10 வரை எண் உண்டு. இடப்பக்கப் பின்களுக்கு 3-6-9 என்று ஒரு வழி உண்டு. ஸ்டிரைக்குக்குப் பார்த்த அதே அம்பைப் பார்த்துக்கொண்டு, 2ஆம் பின்னுக்கு மூன்று பலகையும், 4க்கு ஆறும், 7க்கு ஒன்பதும் வலப்பக்கம் நகர்ந்து நின்றால் போதும். வலது மூலையில் நிற்கும் 10ஆம் பின்தான் நம்மைப் போன்றவர்களின் பரம வைரி. அதற்கு இடப்பக்கம் நன்றாகத் தள்ளி நின்று, நடு அம்பின் மேல் நேராக, வளைக்காமல் விடுங்கள். பயிற்சிக்கு நான் செய்வது: பத்துப் பின்களும் நிற்கும்போதே 7ஐ மட்டும் உரச முயல்வேன், அடுத்த முறை 10ஐ மட்டும். புள்ளி அட்டை பரிதாபமாக இருக்கும், பார்க்காதீர்கள். அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றில் 47 பட்டங்கள் வென்ற வால்டர் ரே வில்லியம்ஸ் குதிரை லாடம் எறியும் விளையாட்டிலும் உலக வாகையர் என்று அறிந்தபோது எனக்கு வியப்பே வரவில்லை. அங்கும் ஒரே கையசைவை அலுக்காமல் திரும்பச் செய்ய வேண்டும் அல்லவா?

ஒன்றை மறந்துவிட்டேன். இடைவேளையில் போலிங் காலணியோடு கழிவறைப் பக்கம் போகாதீர்கள். ஒருமுறை ஈரத்தை மிதித்துவிட்டு வந்து எறிந்தேன். வழுக்க வேண்டிய இடது கால் கோட்டருகே அப்படியே ஒட்டிக்கொண்டது. பந்துக்கு முன்பாக நான் லேனுக்குள் விழுந்தேன். முழங்கால் சரியாக மூன்று வாரங்கள் ஆயின.