'மூன்றே மாதத்தில் ஸ்கூபா இன்ஸ்ட்ரக்டர்': பணம் கட்டும் முன்

கேள்வி: மகன் பி.காம். முடித்துவிட்டு ஸ்கூபா இன்ஸ்ட்ரக்டர் ஆவேன் என்று பிடிவாதமாக நிற்கிறான். ஈசிஆரில் ஒரு நிலையத்தில் மூன்று மாதப் பயிற்சிக்கு மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கிறார்கள். சேர்க்கலாமா?

பதில்: இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம். உலகெங்கும் பரவலாக இருக்கும் 'பாடி' (PADI) என்ற ஸ்கூபா பயிற்சி அமைப்பின் விதிப்படி, இன்ஸ்ட்ரக்டர் தேர்வுக்கு உட்கார, முதல் சான்றிதழ் வாங்கி 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். லாக் புத்தகத்தில் 100 டைவ் பதிவாகியிருக்க வேண்டும். தேர்வை நடத்துவதும் பயிற்சி நிலையம் அல்ல, அமைப்பு அனுப்பும் தேர்வாளர். மூன்று மாதக் கணக்கு இதில் ஒத்துவராது. ஒருவேளை அவர்கள் சொல்வது, இன்ஸ்ட்ரக்டருக்கு முந்தைய படியான டைவ் மாஸ்டர் பயிற்சியாக இருக்கலாம். அதற்கு 18 வயதும், முடிக்கும்போது 60 டைவும் தேவை. எந்தச் சான்றிதழ் என்று எழுத்தில் கேளுங்கள்.

முதலில் ஓப்பன் வாட்டர் என்ற அடிப்படைப் பயிற்சியை மட்டும் படிக்கட்டும். 200 மீட்டர் நிற்காமல் நீந்தவும், 10 நிமிடம் மிதக்கவும் தெரிந்தால் போதும். பாடம், நீச்சல் குளத்தில் 5 அமர்வு, கடலில் 4 டைவ். கையில் வரும் கார்டு 18 மீட்டர் ஆழம் வரைக்கும் செல்லும். ஒரே நாளில் எல்லாம் முடித்துத் தருகிறோம் என்பவர்கள் தருவது இந்தக் கார்டு அல்ல, வெறும் அறிமுக டைவ்.

தரம் கெடுவது பெரும்பாலும் குளத்தில்தான். தரையில் முட்டிபோட்டு ஒருமுறை மாஸ்க் தண்ணீரை வெளியேற்றியதும் 'சரி' என்று குறித்துவிடுவார்கள். கடலில் முட்டிபோடத் தரை இருக்காது. மூக்கில் தண்ணீர் ஏறியதும் பதறி, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்வான். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இருமடங்கு. அங்கே நுரையீரலை நிரப்பிய காற்று மேலே வரும்போது இருமடங்காக விரியும், நுரையீரல் கிழியலாம். அதனால் மாஸ்க் பயிற்சியை நடுநீரில் மிதந்தபடி, சலிக்கும் வரை செய்ய வைக்கும் ஆசிரியரைத் தேடுங்கள்.

தண்ணீருக்குள் இறங்க இடுப்பில் கட்டும் எடைக் கட்டியிலும் இதே அவசரம்தான். ஆளைக் கீழே இறக்கினால் போதும் என்று கூடுதலாகக் கட்டிவிடுவார்கள். பையன் மிதவை ஜாக்கெட்டில் காற்றை ஏற்றி ஏற்றி, மேலும் கீழும் அலைவான். ஜாக்கெட் காலியாக, சாதாரண மூச்சைப் பிடித்தபடி கண் மட்டத்தில் மிதந்தால் எடை சரி. சிலிண்டர் காலியாகும்போது லேசாகும் என்பதால் சுமார் 2 கிலோ சேர்த்துக்கொள்வார்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் ஒரு குளப் பயிற்சியைப் போய்ப் பாருங்கள். உதவியாளர் இல்லாவிட்டால் கடலில் ஓர் இன்ஸ்ட்ரக்டருக்கு 8 பேர் என்பது உச்சவரம்பு. நம் கலங்கிய கடலுக்கு 4 பேரே அதிகம். படகில் ஆக்சிஜன் உண்டா, சிலிண்டர் கழுத்தில் பொறித்த ஹைட்ரோ டெஸ்ட் (அழுத்தச் சோதனை) தேதி ஐந்தாண்டைத் தாண்டியிருக்கிறதா என்று கேளுங்கள். மருத்துவப் படிவத்தில் 'எல்லாவற்றுக்கும் இல்லை என்று போடுங்க சார்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஆஸ்துமா, வலிப்பு, காது அறுவைசிகிச்சை இருந்தால் டாக்டர் கையெழுத்து இல்லாமல் இறங்கக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் கடலை நம்பி நாள் குறிக்காதீர்கள். பாடத்தையும் குளத்தையும் இங்கே முடித்து, அதுவரை முடித்ததற்கான ரெஃபரல் கடிதம் வாங்கிக்கொண்டு, 12 மாதத்துக்குள் கடல் டைவ்களைப் புதுச்சேரியிலோ அந்தமானிலோ முடிக்கலாம்.

வேலை விஷயத்தில் ஒரு குழப்பம் நிறையப் பேருக்கு உண்டு. இந்தக் கார்டு சுற்றுலா டைவிங்குக்கு மட்டுமே. எண்ணெய்க் கிணறு, துறைமுகம், கப்பல் அடிப்பகுதி வேலைக்கெல்லாம் மேலிருந்து குழாய் வழியே காற்று வரும் கமர்ஷியல் டைவிங் பயிற்சி தனியாக வேண்டும். ஸ்கூபா கார்டைக் காட்டி ஆஃப்ஷோர் (கடல் எண்ணெய்க் கிணறு) சம்பளம் பேசுபவரை நம்பாதீர்கள். சுற்றுலா டைவிங்கில் மழைக்கால மாதங்கள் வருமானமில்லாமல் போகலாம். இந்தி, ஆங்கிலம் இரண்டும் பேசவேண்டியிருக்கும். பி.காம். வீணில்லை, டைவ் நிலையத்துக்கும் கணக்குப் பார்க்க ஆள் வேண்டும்.

ஓப்பன் வாட்டர் முடித்து 20 டைவ் போன பிறகும் ஆசை குறையவில்லை என்றால், அப்போது அடுத்த கட்டணத்தைப் பற்றி யோசியுங்கள். அந்தமானில் முடிப்பதானால், கடைசி டைவுக்கும் சென்னை விமானத்துக்கும் நடுவே 18 மணி நேரமாவது விட்டு டிக்கெட் போடுங்கள்.