ஷ்வான் செல்களை (நரம்பு இழைகளைச் சுற்றிப் போர்த்தித் தாங்கும் செல்கள்) ஆய்வகத்தில் வளர்க்கும்போது தட்டில் வேறு செல்கள் நிறைந்துவிடுவது ஏன்?

நிறைவது பெரும்பாலும் ஃபைப்ரோபிளாஸ்ட்கள்தான், அதாவது இணைப்புத் திசுவை உருவாக்கும் செல்கள். நரம்பின் வெளியுறையிலிருந்து கூடவே வந்துவிடும். களை மாதிரி மளமளவென்று பெருகும். ஷ்வான் செல்களுக்கு அந்த வேகம் கிடையாது. வெறும் சீரம் (இரத்தத்தின் தெளிந்த நீர்) போதாது, நியூரெகுலின் என்ற வளர்ச்சிக் காரணியும் ஃபோர்ஸ்கோலின் என்ற தூண்டும் வேதிப்பொருளும் கொடுத்தால்தான் நன்றாகப் பெருகும்.

இந்த மந்தத்தனமே நமக்குச் சாதகம். முதல் சில நாட்கள் அரா-சி மருந்தைச் சேர்த்தால், பிளவுபடும் செல்கள் சாகும், ஷ்வான் செல்கள் பெரும்பாலும் தப்பும். அப்புறம் வளர்ச்சிக் காரணிகளைச் சேர்க்கலாம். உறையை முன்பே கவனமாக உரித்துவிட்டால் பாதித் தலைவலி குறையும்.

மைக்ரோஸ்கோப்பில் அடையாளம் சுலபம்: ஷ்வான் செல் இரு முனையும் கூராக, கதிர்போல் மெலிந்திருக்கும், நெருங்கும்போது மீன்கூட்டம்போல ஒரே திசையில் வரிசைகட்டும். ஃபைப்ரோபிளாஸ்ட் தட்டையாகப் பரவிக் கிடக்கும். கண்ணை மட்டும் நம்பாமல் ஷ்வான் செல்களில் உள்ள எஸ்-100 புரதத்துக்குச் சாயமிட்டு உறுதிசெய்யுங்கள்.

அறுந்த நரம்பு மீண்டும் வளரும்போதும் ஷ்வான் செல்களின் இதே வரிசைதான் பாதை. ஆக்ஸான் (நரம்புச் செல்லின் நீண்ட இழை) அதைப் பிடித்து நாளுக்குச் சுமார் 1 மி.மீ. நகர்கிறது.