அப்பாவின் பெயரில் 15 லட்சம்: காசோலைக்கு முன் ஒப்பந்தம்

கேள்வி: பாரிமுனையில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த அப்பாவின் நினைவாக, நான் மாலை நேர எம்.பி.ஏ. படித்த பல்கலைக்கழக மேலாண்மைத் துறைக்கு 15 லட்சம் ரூபாய் கொடுக்க விரும்புகிறேன். அதில் பாதி, அமெரிக்கக் குடியுரிமை பெற்ற என் தம்பியின் பங்கு. பணம் சரியாகப் பயன்படுமா? வரிச்சலுகை உண்டா? – வாசகர், நங்கநல்லூர்.

பதில்: முதலில் ஒப்பந்தத்தை எழுதுங்கள் ஐயா, காசோலை பிறகு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி அலுவலக அலமாரியில் நீல வெல்வெட் பெட்டியைப் பார்த்தேன். உள்ளே பட்டமளிப்பு விழாவுக்கான ‘தங்கப் பதக்கம்’. கையில் எடுத்தால் கனமே இல்லை, வெறும் முலாம். ஒரு குடும்பம் அந்தக் காலத்தில் 2,000 ரூபாயை வைப்பில் போட்டு, வட்டியில் ஆண்டுதோறும் தங்கப் பதக்கம் தரவேண்டும் என்று எழுதியிருந்தது. வட்டி நின்ற இடத்தில் நின்றது, தங்கம் எங்கோ போய்விட்டது. பக்கத்திலிருந்த கோப்பு, சுருக்கெழுத்துப் பாடத்தில் முதலிடம் பெறுபவருக்கான பரிசு. பாடத்தையே எடுத்துவிட்டார்கள், கொடுக்க ஆளில்லாமல் வட்டி சேர்ந்துகொண்டிருந்தது. இரண்டிலும் யாரும் பணத்தைத் தொடவில்லை. எழுதிய வாசகம்தான் கையைக் கட்டிப்போட்டது. பெரிய சொத்துக்கும் இந்தத் தாமதம் நேர்ந்ததுண்டு: வள்ளல் பச்சையப்ப முதலியார் 1794-இல் காலமானார். அவர் அறத்துக்கென விட்டுச்சென்ற சொத்து வழக்குகளில் சிக்கி, 1842-இல்தான் அதிலிருந்து ஒரு கல்விக்கூடம் பிறந்தது!

15 லட்சத்துக்கு ஏழு சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 1,05,000 ரூபாய். அதில் கால் பங்கை மூலதனத்தோடு சேர்க்கவேண்டும் என்று எழுதுங்கள். மீதி சுமார் 79,000 ரூபாய், குடும்பத்தில் முதலாவதாகப் பட்டப்படிப்புக்கு வந்த எம்.பி.ஏ. மாணவரின் கட்டணத்துக்குப் போகட்டும். அந்தப் படிப்பு நின்றுபோனால் வணிகம் சார்ந்த வேறு படிப்புக்குப் பயன்படுத்தலாம் என்ற மாற்று வாசகம் கட்டாயம் வேண்டும். ஆண்டுக்கொரு முறை கணக்கு கேளுங்கள். மாணவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மட்டும் துறையிடமே விட்டுவிடுங்கள்.

அறக்கட்டளை நிறுவப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுத வேண்டும்; சிண்டிகேட் எனப்படும் ஆட்சிக்குழுவின் ஒப்புதலுக்குச் சில மாதங்கள் ஆகலாம். காசோலை பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கட்டும். எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் தனிநபர் கணக்கில் போடாதீர்கள்.

வரிச்சலுகையைப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். 80ஜி என்று நாம் பழகிய, நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே. பெரும்பாலான நிறுவனங்களுக்கு, உங்கள் வருமானத்தில் பத்து சதவீதம் வரையிலான நன்கொடையே கணக்கில் வரும். அதிலும் பாதிதான் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழியும். கணக்கிட்ட வருமானம் 12 லட்சம் என்றால், உங்கள் பங்கான ஏழரை லட்சத்தையும் ஒரே ஆண்டில் கொடுத்தாலும் கழிவு 60,000 ரூபாய்தான். மிச்சத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே சில நிதியாண்டுகளாகப் பிரித்துக் கொடுப்பது நல்லது. நன்கொடைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை.

தம்பியின் பங்கில்தான் மிகுந்த கவனம் தேவை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பாகாது. உங்கள் தம்பியோ அமெரிக்கக் குடிமகன்; வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும் அவர் தருவது வெளிநாட்டுப் பங்களிப்பே. பல்கலைக்கழகத்துக்கு எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ விலக்கோ இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பதிவு பெற்ற நிறுவனத்துக்கு அந்தப் பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள தனிக்கணக்குக்கே வரவேண்டும். உங்கள் கணக்குக்கு அனுப்பச் சொல்லி, சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ரூபாயாக மாறிவிட்டாலும் சட்டத்தின் கண்ணில் அது அவர் கொடுத்ததுதான்.

ஒப்பந்த வரைவில் அப்பாவின் பெயரை முன்னெழுத்துடன் முழுதாக எழுதுங்கள், கடைப் பெயர்ப்பலகையில் இருந்தபடியே. ஒவ்வோர் ஆண்டும் உதவித்தொகைக் கடிதத்தில் அந்த வடிவம்தான் அச்சாகும்.