எட்டு நண்பர்கள், மூன்று பனிமலைகள், ஒருவர் பெயரில் முன்பதிவு

கேள்வி: நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து, வரும் குளிர்காலத்தில் ஒரு வாரம் பனிச்சறுக்குக்குச் செல்லவிருக்கிறோம். இத்தாலியின் வால் கார்டேனா, பிரான்ஸின் வால் தோரான்ஸ், கனடாவின் விஸ்லர் ஆகிய மூன்று இடங்கள் பேச்சில் உள்ளன. எங்களில் இருவர் இதுவரை பனிச்சறுக்குப் பலகையில் ஏறியதே இல்லை. ஒருவர் மிகத் தேர்ந்தவர். "பயிற்சியாளர் எதற்கு, நான் சொல்லித் தருகிறேன்" என்கிறார். முன்பதிவை என் பெயரில், என் கார்டில் செய்யச் சொல்கிறார்கள். தங்குமிடத்தின் முன்பணம் திரும்பக் கிடைக்காது என்று எழுதியிருக்கிறது. சிலருக்கு விசாவும் தேவை. யாராவது விலகினாலோ, பனி பெய்யாமல் போனாலோ, மலையில் விபத்து நேர்ந்தாலோ யார் பொறுப்பு? சட்டப்படி எந்த இடம் பாதுகாப்பானது?

பதில்: பனிச்சறுக்குத் தலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த மலையோடு சேர்த்து அந்த நாட்டின் சட்டத்தையும் தேர்ந்தெடுக்கிறீர்கள். விபத்து எங்கே நடக்கிறதோ, பொதுவாக அந்த இடத்தின் சட்டமே இழப்பீட்டைத் தீர்மானிக்கும். உங்கள் பட்டியலில் உள்ள மூன்று இடங்களும் இந்த வகையில் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டவை. பயணத்துக்கு முன்பே இதைக் கேட்டது நல்லது. இத்தகைய கேள்விகள் பெரும்பாலும் கால் முறிந்த பிறகோ, நண்பர்களுக்குள் பேச்சு முறிந்த பிறகோதான் வழக்கறிஞரிடம் வந்து சேர்கின்றன.

முதலில் உங்கள் சொந்த நிலையைப் பார்ப்போம். முன்பதிவு உங்கள் பெயரில் இருந்தால், விடுதி நிறுவனத்தின் பார்வையில் ஒப்பந்ததாரர் நீங்கள் மட்டுமே. ஒரு நண்பர் விலகினால் அவருடைய பங்கை அந்த நிறுவனம் அவரிடம் கேட்காது. உங்கள் கார்டிலிருந்தே எடுக்கும். தங்குமிடத்தில் கதவு உடைந்தாலும், தரை பாழானாலும் உங்கள் வைப்புத்தொகையிலிருந்துதான் பிடிப்பார்கள். அந்தத் தொகையை நண்பர்களிடமிருந்து திரும்பப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டா என்பது நீங்கள் எட்டுப் பேரும் உங்களுக்குள் என்ன ஒப்புக்கொண்டீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆங்கிலேயச் சட்டமரபைப் பின்பற்றும் நீதிமன்றங்கள், நண்பர்களுக்கு இடையிலான சமூக ஏற்பாடுகளில் சட்டப்படி கட்டுப்படும் எண்ணம் இருவருக்கும் இல்லை என்றே முதலில் அனுமானிக்கும். அந்த அனுமானத்தை உடைக்க எழுத்துச் சான்று பெரிதும் உதவும். முத்திரைத்தாள் தேவையில்லை, குழுவின் வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பும் தெளிவான ஒரு செய்தியும், அதற்கு ஒவ்வொருவரும் பெயரிட்டு அளிக்கும் ஒப்புதலும் நல்ல சான்றாகும். இப்படி எழுதலாம் (லிஃப்ட் பாஸ் என்பது சறுக்குபவர்களை மலைமேல் ஏற்றும் கம்பிவட வண்டிகளுக்கான அனுமதிச்சீட்டு):

"தங்குமிடம், லிஃப்ட் பாஸ், காப்பீடு ஆகியவற்றுக்கான மொத்தச் செலவை எட்டுப் பேரும் சமமாக ஏற்கிறோம். முன்பதிவு செய்பவர் நம் அனைவரின் சார்பிலும் செய்கிறார். முன்பதிவுக்குப் பின் விலகுபவர், தம் பங்கில் நிறுவனம் திருப்பித் தராத தொகையைத் தாமே ஏற்க வேண்டும். மாற்றாள் கிடைத்தால், மாற்றாளைச் சேர்ப்பதற்கான கூடுதல் செலவை மட்டும் ஏற்றால் போதும். விசா மறுக்கப்படுவதும் விலகலாகவே கொள்ளப்படும். சேதம் செய்தவர் அதற்கான தொகையைக் கொடுக்க வேண்டும். யார் செய்தார் எனத் தெரியாவிட்டால் எட்டுப் பேரும் பகிர வேண்டும். இதற்குச் சம்மதமா?"

ஏழு பேரின் சம்மதமும், குறைந்தது பாதிப் பணமும் வந்து சேர்வதற்கு முன் உங்கள் கார்டைப் பயன்படுத்தாதீர்கள். இதைக் கேட்பதால் நட்பு கெடும் என்று தயங்க வேண்டாம். கேட்காமல் விட்டு, பிறகு கணக்குப் பார்க்கும்போதுதான் நட்பு கெடுகிறது.

அடுத்து, எதை வாங்குகிறீர்கள் என்பது. விமானச் சீட்டு ஓரிடத்திலும், அறை வேறோரிடத்திலும், லிஃப்ட் பாஸ் மலையடிவாரத்திலுமாகத் தனித்தனியே வாங்கினால் அவை மூன்று தனி ஒப்பந்தங்கள். பனியே இல்லாமல் லிஃப்டுகள் வாரம் முழுவதும் நின்றுபோனாலும் விடுதி தன் கடமையை நிறைவேற்றிவிட்டது; அறை திறந்திருக்கிறது, கட்டில் இருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்காது. இணையத்தில் வாங்கியதை 14 நாட்களுக்குள் ரத்து செய்யலாம் என்ற ஐரோப்பிய நுகர்வோர் உரிமையைப் பலர் இங்கே நம்புகிறார்கள். குறிப்பிட்ட தேதிகளுக்கு எடுக்கும் தங்குமிடத்துக்கு அந்த உரிமை பொருந்தாது.

இதற்கு மாறாக, ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனை செய்யும் ஒரு பயண அமைப்பாளரிடம் போக்குவரத்து, தங்குமிடம், லிஃப்ட் பாஸ் எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜாக வாங்கினால், 2015ஆம் ஆண்டின் பேக்கேஜ் பயண நெறிமுறை என்ற ஒன்றியச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும். அதன்படி பேக்கேஜில் அடங்கிய ஒவ்வொரு சேவைக்கும், அதை வேறொருவர் வழங்கினாலும், அமைப்பாளரே பொறுப்பு. பனிச்சறுக்கு வாரம் என்று விற்றுவிட்டு லிஃப்டுகள் இயங்காவிட்டால் விலைக் குறைப்புக் கேட்கலாம். விலையை 8 சதவீதத்துக்கு மேல் உயர்த்தினால் கட்டணமின்றி விலகலாம். தலத்திலோ அதன் அருகிலோ தவிர்க்க முடியாத அசாதாரணச் சூழல் ஏற்பட்டுப் பயணத்தைக் கணிசமாகப் பாதித்தாலும் அவ்வாறே விலகலாம். பணம் 14 நாட்களுக்குள் திரும்ப வேண்டும். அமைப்பாளர் திவாலானாலும் உங்கள் பணத்துக்குப் பாதுகாப்பு உண்டு. உங்களைப் போன்ற குழுவுக்கு மிகவும் உதவக்கூடியது இன்னொரு விதி: புறப்படுவதற்கு 7 நாட்களுக்கு முன்புவரை தெரிவித்து, விலகும் நண்பரின் இடத்தை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். நிலுவைத் தொகைக்கும் மாற்றுச் செலவுக்கும் விலகுபவர், வருபவர் இருவரும் கூட்டாகப் பொறுப்பாவார்கள் என்பதை மட்டும் மனதில் கொள்ளுங்கள்.

தனித்தனியாகத்தான் வாங்குவோம் என்றால் பனி பெய்யாத அபாயம் முழுவதும் உங்களுடையது. அந்த நிலையில் தலத்தின் உயரம் ஒரு சட்ட விஷயமாகவே மாறிவிடுகிறது. வால் தோரான்ஸ் ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர் என்பதால் அங்கே இந்த அபாயம் குறைவு. தாழ்வான ஊர்களைப் பருவத்தின் தொடக்கத்திலோ இறுதியிலோ தேர்ந்தெடுத்தால், இலவச ரத்து வசதி உள்ள அறையையே எடுங்கள்.

விசா மறுக்கப்படுவது மேற்சொன்ன அசாதாரணச் சூழலில் சேராது. அது பயணியின் சொந்த அபாயம். இத்தாலியும் பிரான்ஸும் அடங்கிய ஷெங்கன் பகுதிக்கான விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பொதுவாக 15 நாட்களுக்கு முன்னதாகவாவது விண்ணப்பித்தாக வேண்டும். அதிக நாட்கள் தங்கும் நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், இத்தாலியா பிரான்ஸா என்பதை முடிவு செய்யாமல் விசா வேலையைத் தொடங்க இயலாது. விசா வரும் நாள்வரை ரத்து செய்யத்தக்க முன்பதிவையே வைத்திருங்கள். அது சற்றுக் கூடுதல் விலையானாலும் உங்கள் நிலையில் அந்த விலை நியாயமானதே.

இனி மலைக்கு வருவோம். சர்வதேச பனிச்சறுக்கு மற்றும் பனிப்பலகைக் கூட்டமைப்பு 1967இல் வகுத்து, பின்னர் திருத்திய 10 நடத்தை விதிகள் உள்ளன. அவை எந்த நாடாளுமன்றமும் இயற்றிய சட்டமல்ல. ஆயினும் ஆல்ப்ஸ் நாடுகளின் நீதிமன்றங்கள், ஒருவர் கவனக்குறைவாக நடந்தாரா என்பதை இவற்றைக் கொண்டே அளக்கின்றன. மேலிருந்து வருபவர் கீழே இருப்பவருக்கு ஆபத்து நேராத வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தன் திறனுக்கும் பனியின் நிலைக்கும் கூட்டத்துக்கும் ஏற்பவே வேகம் இருக்க வேண்டும். குறுகலான, பார்வைக்குத் தெரியாத இடத்தில் தேவையின்றி நிற்கக் கூடாது. விபத்தில் உதவ வேண்டும். சம்பந்தப்பட்டவர்களும் சாட்சிகளும் தங்கள் அடையாள விவரங்களைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். எட்டுப் பேரும் புறப்படும் முன் இவற்றைப் படித்துவிடுங்கள். "எனக்குத் தெரியாது" என்பது எதிர்வாதமாக ஏற்கப்படாது.

இத்தாலியில் இதற்கு மேலும் சட்டம் உண்டு. 2021இல் இயற்றப்பட்ட 40ஆம் எண் ஆணைச்சட்டத்தின்படி, 2022 ஜனவரி 1 முதல் சறுக்குப்பாதையில் இறங்கும் ஒவ்வொருவரும் மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீடு, அதாவது தாம் பிறருக்கு ஏற்படுத்தும் காயத்துக்கும் சேதத்துக்கும் ஈடு தரும் காப்பீடு, வைத்திருக்க வேண்டும். இல்லாதவர் லிஃப்ட் பாஸ் வாங்கும்போதே அதையும் வாங்கிக்கொள்ளலாம். தலைக்கவசமும் இப்போது எல்லா வயதினருக்கும் கட்டாயம். மதுவருந்திச் சறுக்குவது தண்டனைக்குரியது. இந்தக் கட்டாயக் காப்பீட்டை நான் மனமார வரவேற்கிறேன். முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் நண்பர் மீது மோதி முழங்காலைச் சிதைத்துவிட்டால், தீர்ப்பு வாங்குவதைவிடத் தீர்ப்பின்படி பணம் வாங்குவதுதான் கடினம். அங்கே அதற்கொரு காப்பீட்டு நிறுவனம் இருக்கிறது. ஆனால் அதே சட்டம், மோதலில் ஈடுபட்ட இருவரும் சமமாகத் தவறிழைத்தவர்கள் என்று, மாறாக நிரூபிக்கப்படும்வரை, அனுமானிக்கிறது. எனவே சான்று சேகரிப்பது மிக முக்கியமாகிறது.

அதை எப்படிச் செய்வது? அடிபட்டவருக்குச் சில மீட்டர் மேலே இரு பலகைகளைப் பெருக்கல் குறி போலப் பனியில் நட்டு, மேலிருந்து வருபவர்களை எச்சரியுங்கள். மீட்புக் குழுவை அழையுங்கள். அவர்கள் வருவதற்குள், அடிபட்டவரை அசைக்காமல், பாதையின் பெயரும் எண்ணும் தெரியும் கம்பத்தையும், பலகைகள் விட்ட தடத்தையும், இருவரும் விழுந்து கிடந்த இடத்தையும் படமெடுங்கள். பார்த்தவர் ஒருவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வாங்குங்கள். மீட்புக் குழு எழுதும் அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறுங்கள். புரியாத மொழியில் இருக்கும் எந்தத் தாளிலும் அங்கேயே கையெழுத்திட வேண்டாம்.

பிரான்ஸில் கவனிக்க வேண்டியது மீட்புச் செலவு. 1985ஆம் ஆண்டின் மலைப்பகுதிச் சட்டம், பனிச்சறுக்கு விபத்துகளின் மீட்புச் செலவை மீட்கப்பட்டவரிடமே வசூலிக்க உள்ளாட்சிகளுக்கு அனுமதி அளிக்கிறது. ஸ்ட்ரெச்சரில் கீழே கொண்டுவந்ததற்கும் ரசீது வரும். லிஃப்ட் பாஸுடன் விற்கப்படும் காரே நேஜ் போன்ற காப்பீடு இதற்காகவே உள்ளது.

விஸ்லர் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியாவில் நிலைமை வேறு. அங்கே பாஸ் வாங்கும்போது நீங்கள் ஏற்கும் பொறுப்புத் துறப்புப் படிவம், நிறுவனத்தின் கவனக்குறைவால் நேர்ந்த காயத்துக்கும் வழக்குத் தொடரும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதப்பட்டிருக்கும். கையெழுத்திட்ட அத்தகைய படிவங்களை அம்மாகாண நீதிமன்றங்கள் பொதுவாகச் செல்லுபடியாக்குகின்றன. டிக்கெட்டின் பின்புறச் சிற்றெழுத்து மட்டும் போதாது, ஒப்பந்தத்துக்கு முன்பே நியாயமான முறையில் அறிவித்திருக்க வேண்டும் என்று மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் கூறியது உண்மைதான். ஆனால் திரையில் படித்து நீங்களே சம்மதம் அளிக்கும் படிவத்தில் அந்த வாதத்துக்கு இடம் குறைவு. அதே கனடாவின் கியூபெக் மாகாணத்திலோ, குடிமைச் சட்டத்தொகுப்பின் 1474ஆவது பிரிவு உடற்காயத்துக்கான பொறுப்பை எந்தப் படிவத்தாலும் விலக்க முடியாது என்கிறது. கனடாவுக்குத்தான் போக வேண்டும் என்று நண்பர்கள் உறுதியாக இருந்தால் கியூபெக்கின் மோன் திரெம்ப்ளானையும் பட்டியலில் சேர்த்துப் பாருங்கள்.

தேர்ந்த நண்பரைப் பற்றி நீங்கள் எழுதியதுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. பணம் வாங்காமல் வழிநடத்துவதால் மட்டும் ஒருவர் பொறுப்பிலிருந்து விடுபடுவதில்லை. புதியவர்களின் அச்சத்தைத் தணித்து, ஆபத்தைக் குறைத்துக் கூறி, அவர்கள் தாமாகப் போகத் துணியாத சரிவுக்கு அழைத்துச் செல்பவர் இழப்பீட்டுக்குப் பொறுப்பாகலாம் என்பதை ஆஸ்திரிய நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டுள்ளன. உங்கள் நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் நன்றாகச் சறுக்குவது வேறு, கற்பிப்பது வேறு. அந்த இருவருக்கும் முதல் சில நாட்களுக்கு உரிமம் பெற்ற பனிச்சறுக்குப் பள்ளியில் இடம் பதிவு செய்யுங்கள். பாதைகளின் நிறக் குறியீடும் நாட்டுக்கு நாடு மாறும்: வட அமெரிக்காவில் பச்சை எளியது, நீலம் நடுத்தரம், இத்தாலியில் நீலமே எளியது, சிவப்பு நடுத்தரம். ஓரிடத்தில் நீலத்தில் இறங்கியவர் இன்னோரிடத்து நீலத்தில் தடுமாறக்கூடும்.

காப்பீட்டில் ஒரு பொறி இருக்கிறது. ஷெங்கன் விசாவுக்குக் கேட்கப்படும் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டை எடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த பாலிசியில் குளிர்கால விளையாட்டுகள் விலக்கப்பட்டிருந்தால் மலையில் அது பயன்படாது. விலக்குகள் பகுதியைத் திறந்து நான்கைத் தேடுங்கள்: குளிர்கால விளையாட்டு, வழிகாட்டியின்றிக் குறியிட்ட பாதைக்கு வெளியே சறுக்குதல், மது, ஹெலிகாப்டர் மீட்பு. பிறகு பொறுப்புக் காப்பீட்டுப் பகுதியில், உடன் பயணிப்பவருக்கு நேரும் காயம் விலக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். சில பாலிசிகளில் அப்படி இருக்கும். உங்களில் ஒருவர் இன்னொருவர் மீது மோதும் வாய்ப்பே அதிகம் என்பதால், அந்த ஒரு வரி உங்களுக்கு மிக முக்கியமானது.

உங்கள் கேள்விக்கு நேரடியாகச் சொல்வதானால், இருவர் புதியவர்கள், சிலருக்கு விசா வேண்டும், முன்பதிவு ஒருவர் பெயரில் என்ற இந்த நிலையில், நான் வால் கார்டேனாவை, ஐரோப்பிய அமைப்பாளரிடம் வாங்கும் பேக்கேஜாக, பரிந்துரைக்கிறேன். பனி உறுதியாக வேண்டும் என்பதே முதல் நோக்கமானால் வால் தோரான்ஸ், மீட்புச் செலவை ஏற்கும் காப்பீட்டுடன். விஸ்லர் சிறந்த மலைதான். ஆனால் பொறுப்புத் துறப்புப் படிவத்தை முன்கூட்டியே எட்டுப் பேருக்கும் அனுப்பி, ஒவ்வொருவரும் படித்து, தமக்கென வலுவான விபத்துக் காப்பீடு எடுத்த பிறகே அங்கு செல்லுங்கள். எந்த இடமானாலும், முன்பணம் கட்டுவதற்கு முன் ரத்து விதிகளையும் பாலிசியின் விலக்குகளையும் நீங்கள் வசிக்கும் நாட்டில் தொழில்புரியும் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.