இருட்டில் வளர்ந்த பயறு: அறிவியல் கல்வி குறித்த கேள்விகளும் பதில்களும்

மலேசியாவின் பினாங்கில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், கடந்த இரு வாரங்களாக வந்த கேள்விகளுக்கு இயன்றவரை விடை எழுதியிருக்கிறேன். எந்த டியூஷன் நல்லது, எந்தப் பல்கலைக்கழகத்துக்கு மனுச் செய்வது ஆகியவை என் எல்லைக்கு வெளியே உள்ளவை.

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாயார்: ஐயா, நான்காம் ஆண்டில் படிக்கும் என் மகள் பச்சைப்பயற்றை ஈரப்பஞ்சில் முளைக்க வைத்து, ஒரு குவளையைச் சன்னலோரத்திலும் மற்றதை அலமாரிக்குள்ளும் வைத்தாள். ஆறாம் நாள் அலமாரியில் இருந்ததுதான் உயரமாக நிற்கிறது. பயிற்சிப் புத்தகமோ, "சூரிய ஒளி கிடைக்காத செடி வளராது" என்கிறது. எதை எழுதச் சொல்வது?

அம்மா, அவள் பார்த்ததை எழுதச் சொல்லுங்கள். விதைக்குள் சேமிப்பு உணவு இருக்கிறது. வெளிச்சம் படாத நாற்று அந்தச் சேமிப்பையெல்லாம் தண்டை நீட்டுவதற்கே செலவழிக்கிறது. மண்ணுக்கடியில் முளைக்கும் விதை ஒளியை எட்டிப்பிடிக்க அதற்கு இருக்கும் வழி அதுதான். ஒளி இல்லாமல் பச்சையம் உருவாகாது என்பதால் தண்டு வெளிறியும், இலைகள் சிறுத்து மஞ்சளாகவும் இருக்கும். சேமிப்பு தீர்ந்ததும் சாய்ந்துவிடும். நாம் சார் குவே தியாவில் தின்னும் தவுகே வேறென்ன? அதுவும் இருட்டில் வளர்த்த பச்சைப்பயறுதான்.

உற்றறிதல், ஊகித்தல் என்று நம் பாடத்திட்டம் இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. "அலமாரியில் இருந்தது 17 சென்டிமீட்டர், சன்னலோரத்தில் இருந்தது 9 சென்டிமீட்டர்" என்பது உற்றறிதல். அதற்கான காரணம் ஊகம். முதலாவதை அடித்துவிட்டு மாதிரி விடையை எழுதும் பிள்ளை இரண்டையுமே இழக்கிறது. ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது: பணியில் சேர்ந்த புதிதில், "இருட்டில் இருந்தது உயரம்" என்று எழுதிய ஒரு பையனுக்கு நானே தவறு போட்டிருக்கிறேன். அவன் குவளையை நான் பார்க்கவே இல்லை. உங்கள் மகள் தினமும் அடிக்கோலால் அளந்து தேதியோடு குறிக்கட்டும்.

கோலாலம்பூரிலிருந்து ஒரு பொறியாளர்: அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பித்த கொள்கையைக் கைவிட்டதுதான் நம் மாணவர்களின் வீழ்ச்சிக்குக் காரணம் என்கிறேன். மறுப்பீர்களா?

மறுக்கிறேன். டிம்ஸ் எனப்படும் அனைத்துலகக் கணித, அறிவியல் ஆய்வில் நம் இரண்டாம் படிவ (எட்டாம் வகுப்பு நிலை) மாணவர்கள் அறிவியலில் பெற்ற புள்ளிகளைப் பாருங்கள்: 1999-இல் 492, 2003-இல் 510, 2007-இல் 471, 2011-இல் 426, 2015-இல் 471, 2019-இல் 460, 2023-இல் 426. ஆங்கிலக் கொள்கை 2003-இல் முதலாம் ஆண்டிலும் முதலாம் படிவத்திலும் தொடங்கியது. அதைக் கைவிடும் முடிவு 2009-இல் அறிவிக்கப்பட்டது. ஆகவே 510 பெற்றவர்கள் அந்தக் கொள்கைக்கு முன்னர் படித்தவர்கள். 2011 ஆய்வில் தேர்வெழுதியவர்கள் முதலாம் ஆண்டிலிருந்தே ஆங்கிலத்தில் படித்தவர்கள். அவர்கள் பெற்றது 426. 2023-இல் எழுதியவர்கள் கொள்கை கைவிடப்பட்ட பிறகு படித்தவர்கள். அவர்களும் அதே 426. மொழிதான் காரணம் என்போர் முதலில் இந்த இரண்டு 426-க்கும் விளக்கம் தரவேண்டும்.

அதே பொறியாளர்: புள்ளிவிவரம் இருக்கட்டும். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் எல்லாமே ஆங்கிலம். தமிழில் அறிவியல் படித்தவன் அங்கே என்ன செய்வான்?

பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரம் 1972-இல் தொடங்கியது முதல் அங்கே வேலைக்குப் போனவர்களில் தமிழ்ப்பள்ளி மாணவர்களும் உண்டு. என்னிடம் படித்த ஒருவர் அங்கே இயந்திரப் பராமரிப்பில் இருக்கிறார். ஆங்கிலக் கையேடு ஓராண்டில் பழகிவிட்டது என்றார். புதிதாக வருபவர்களிடம் அவர் காணும் குறை வேறு: இயந்திரம் பழுதானால் வெப்பம், அழுத்தம், வேகம் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, எது சரிசெய்தது என்று தெரியாமல் நிற்கிறார்களாம். தற்சார்பு மாறி, அதாவது சோதனையில் நாமாக மாற்றும் காரணி, ஒன்றே ஒன்றுதான் இருக்கவேண்டும் என்பதைத் தேர்வுக்காக ஒப்பித்தவர்கள் அவர்கள்.

செபராங் பிறையிலிருந்து ஓர் ஆசிரியை: அப்படியானால் தமிழ்ப்பள்ளிகளில் டிஎல்பி (அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்க இடம்தரும் இரட்டைமொழித் திட்டம்) கூடவே கூடாது என்று தெளிவாகச் சொல்லுங்களேன், ஐயா.

சொல்லமாட்டேன், டீச்சர். 2016-இல் வந்த இரட்டைமொழித் திட்டம் கட்டாயமானதன்று. பெற்றோரின் இசைவு, கற்பிக்கத் தயாராக உள்ள ஆசிரியர்கள், போதிய வளம், பள்ளியின் மலாய்மொழித் தேர்ச்சி ஆகியவற்றை நிபந்தனைகளாகக் கொண்டது. தமிழ்ப்பள்ளியில் தமிழின் இடம் சுருங்குகிறது என்ற உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் அது மொழியுரிமை பற்றிய வாதம், அதை அந்தப் பெயரிலேயே நடத்துங்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளை வீட்டில் பேசும் மொழியில்தான் "ஏன்?" என்று தயங்காமல் கேட்கும் என்பது என் வகுப்பறை அனுபவம், ஆகவே என் சாய்வு தமிழின் பக்கமே. ஆய்வுக்கூடக் கதவு பூட்டியே கிடந்தால் எந்த மொழியும் உதவாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இன்னொருவர்: ஆங்கிலமா, தமிழா? ஒரே சொல்லில் பதில் வேண்டும்.

மேலே மூன்று பதில்கள் உள்ளன. படியுங்கள்.

ஐந்தாம் படிவ மாணவர்: எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) இயற்பியலுக்கு மாதிரி விடைத் தொகுப்பு எங்கே கிடைக்கும்?

தம்பி, என்னிடம் கிடைக்காது. செய்முறைத் தேர்வு இருக்கிறது. கருவியைக் கையில் எடுங்கள்.

ஜார்ஜ்டவுனிலிருந்து ஒரு வணிகர்: சாதாரண மக்களுக்கு அறிவியல் எதற்கு? அறிஞர்களும் அரசாங்கமும் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?

1998-இல் ஈப்போ வட்டாரத்தில் பன்றிப் பண்ணையாளர்கள் மூளைக்காய்ச்சலால் இறக்கத் தொடங்கினர். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று அதிகாரிகள் முடிவு செய்து, புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். கண்முன் இருந்ததோ அந்த முடிவுக்குப் பொருந்தவில்லை. அந்த நோய் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது. இங்கே வீழ்ந்தவர்கள் பெரியவர்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் வீழ்ந்தார்கள். கொசு எல்லாரையும் கடிக்கும், நோயோ பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்களையே தேடிவந்தது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் புதியதொரு வைரஸைக் கண்டறிந்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அது நிப்பா ஆனது. நம் நாட்டில் 265 பேரைத் தொற்றியது, 105 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய பத்து லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன. "எங்கள் பன்றிகளும் இருமுகின்றன" என்று சொன்ன பண்ணையாளரின் பேச்சு உற்றறிதலாக மதிக்கப்படும் சமூகத்தில் இத்தகைய முடிவுகள் சீக்கிரமாகவே திருத்தப்படும். அதற்குச் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் கொஞ்சம் அறிவியல் வேண்டும்.

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து ஓர் ஆய்வு மாணவி: ஆராய்ச்சிக்கு அரசு போதுமான பணம் ஒதுக்குகிறதா?

நாட்டின் மொத்த ஆராய்ச்சிச் செலவு 2016-இல் உள்நாட்டு உற்பத்தியில் 1.44 விழுக்காடாக இருந்து, 2020-இல் 0.95 விழுக்காடாக இறங்கியது. 2030-க்குள் 3.5 விழுக்காடு என்பது 2021–2030 தேசிய அறிவியல், தொழில்நுட்பக் கொள்கை வைத்த இலக்கு. இடைவெளியை நீங்களே கழித்துப் பாருங்கள். இதில் தனியார் நிறுவனங்களின் செலவும் அடங்கும் என்பதால் பழியை அரசின்மீது மட்டும் போடுவது சரியாகாது.

இருவர், தனித்தனியாக: விடுமுறையில் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம்?

தலைநகரில் பெட்ரோசைன்ஸ், தேசியக் கோளரங்கம், தேசிய அறிவியல் மையம். பினாங்கில் கொம்தாரிலுள்ள டெக் டோம். மாதிரி விடைப் புத்தகத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

பட்டர்வொர்த் தாயார், மீண்டும்: அலமாரிச் செடி பதினொன்றாம் நாள் சாய்ந்துவிட்டது, ஐயா. மகள் அழுகிறாள். இப்போது வெளிச்சத்தில் வைத்தால் பிழைக்குமா?

விதையிலைகள் முழுக்கச் சுருங்கிவிடாமல் இருந்தால் வாய்ப்புண்டு; ஓரிரு நாளில் பச்சை ஏறும். நீண்ட தண்டு இனிக் குட்டையாகாது என்பதால் சத்தேக் குச்சி ஒன்றை ஊன்றி நூலால் தளர்வாகக் கட்டுங்கள். முதல் நாள் நேர்வெயில் வேண்டாம். என்றைக்கு வெளியே எடுத்தாள் என்பதையும் அதே தாளில் குறிக்கச் சொல்லுங்கள்.