ஃபைபர் வந்துவிட்டது, பழைய இன்டர்காம் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டுமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் மருந்து மொத்த வியாபாரம் செய்கிறோம். இரண்டு லேண்ட்லைன், எட்டு எக்ஸ்டென்ஷன் உள்ள இபிஏபிஎக்ஸ் (இன்டர்காம்) பெட்டி பத்து வருடமாக ஓடுகிறது. இரண்டு லைனையும் செம்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாற்றிய பிறகு, அழைத்தவர் வைத்துவிட்டாலும் லைன் விடுபடாமல் எங்கேஜாகவே நிற்கிறது. பெட்டியை அணைத்துப் போட்டால்தான் சரியாகிறது. பின்கட்டுக் கிடங்கில் இருக்கும் இரண்டு போனிலும் மழை வந்தால் கரகரப்பு. “பழைய பெட்டி ஃபைபருக்கு ஒத்துவராது, ஐபி எக்ஸ்சேஞ்சும் எட்டு ஐபி போனும் போடுங்கள்” என்று புதுச்சேரி டீலர் ஒருவர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். வாங்கலாமா?

பதில்:

இப்போதைக்கு வாங்காதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுக்கும் பெட்டி காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. முதலாவது ஒரு செட்டிங். இரண்டாவது கிடங்குக்குப் போகும் ஒயர். ஐபி போன் வைத்தாலும் கிடங்குக்கு ஒரு லேன் கேபிள் இழுத்தாக வேண்டும். அதுவும் அதே திறந்த வெளியில், அதே மழையில்தான் கிடக்கப்போகிறது.

“ஃபைபருக்கு ஒத்துவராது” என்பது அப்பட்டமான விற்பனைப் பேச்சு. உங்கள் ஃபைபர் மோடத்தின் பின்புறம் பாருங்கள். போன் 1, போன் 2 என்று சின்ன சாக்கெட் இருக்கும். பழைய செம்பு லைனில் என்ன வந்ததோ அதேதான் அதிலும் வருகிறது: போன் வைத்திருக்கும்போது நேர்மின்சாரம், மணி அடிக்கும்போது மாறுமின்சாரம், எடுத்தால் டயல் டோன். முன்பு எக்ஸ்சேஞ்ச் ஊருக்குள் எங்கோ இருந்தது. இப்போது அது மோடமாகி உங்கள் சுவரில் உட்கார்ந்திருக்கிறது. அழைக்கவும் பேசவும் பெட்டிக்கு இந்த வித்தியாசமே தெரியாது.

பிறகு லைன் ஏன் தொங்குகிறது? உங்கள் ஆள் போனை எடுத்துப் பேசிவிட்டு வைத்தால் பெட்டி உடனே லைனை விட்டுவிடும். அங்கே சிக்கல் வராது. சிக்கல் வருவது, அந்த நேரத்தில் லைனில் உங்கள் பக்கம் மனிதர் யாரும் இல்லாதபோது: வரவேற்புக் குரல் ஓடிக்கொண்டிருக்கையில் வாடிக்கையாளர் வைத்துவிட்டார், ஹோல்டில் இருந்தவர் பொறுக்காமல் வைத்துவிட்டார், அல்லது முதல் லைனில் வந்த அழைப்பு இரண்டாவது லைன் வழியாக உங்கள் செல்போனுக்குத் திருப்பிவிடப்பட்டது. எதிர்முனை வைத்துவிட்டது என்று பெட்டிக்கு யாராவது சொல்ல வேண்டும். செம்பு லைனில் பிஸி டோன் கேட்டோ, மின்னோட்டம் ஒரு கணம் அறுவதைப் பார்த்தோ தெரிந்துகொண்டது. ஃபைபர் மோடம் மின்னோட்டத்தை அறுக்காமல் விடலாம், டோனையும் வேறு தாளத்தில் தரலாம். பெட்டி காத்துக்கொண்டே இருக்கும்.

இதைச் சோதிக்க டெக்னீஷியன் தேவையில்லை. பெட்டிக்குப் போகும் ஒயரை மோடத்திலிருந்து கழற்றுங்கள். ஒரு சாதாரண பட்டன் போனை நேராக அந்தச் சாக்கெட்டில் மாட்டுங்கள். செல்போனிலிருந்து அழைத்து, எடுத்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டு செல்போனை மட்டும் வைத்துவிடுங்கள். லேண்ட்லைன் ரிசீவரைக் காதிலேயே வைத்திருங்கள். “டூ… டூ… டூ…” என்று வருகிறதா? வந்தால் கடிகாரத்தைப் பார்த்து 15 நொடியில் எத்தனை என்று எண்ணுங்கள். நம் நாட்டு பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ். முக்கால் நொடி ஒலி, முக்கால் நொடி மௌனம். 15 நொடியில் 10 வர வேண்டும். 15 வந்தால் மோடத்தில் வெளிநாட்டுத் தாளம் ஏற்றிவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எதுவுமே வராமல் மயான அமைதியாக இருந்தால், குற்றம் முழுக்க மோடம் செட்டிங்கில். இரண்டு லைனையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

டோன் வந்தால் வேலை உங்கள் பெட்டியில். புரோகிராம் செய்பவரிடம் பிஸி டோன் டிடெக்‌ஷனை ஆன் செய்து, நீங்கள் எண்ணிய தாளத்தை அப்படியே கொடுக்கச் சொல்லுங்கள். எத்தனை தடவை டோன் கேட்டால் துண்டிக்க வேண்டும் என்று ஒரு எண் கேட்கும், 4 வையுங்கள். அவசரப்பட்டு 2 வைத்தால், பேசும் குரலையோ ஹோல்டில் ஓடும் இசையையோ டோன் என்று நினைத்துப் பாதிப் பேச்சில் பெட்டி வெட்டிவிடும். லைனுக்கு லைன் திருப்பும் அழைப்புக்கு ஒரு கால வரம்பு உண்டு. அதை 10 நிமிடம் வையுங்கள். வேறு எதுவும் வேலை செய்யாவிட்டாலும், அப்படித் திருப்பிவிட்டுத் தொங்கிய லைன் 10 நிமிடத்தில் தானாக விடுபடும்.

டோன் வராவிட்டால் சேவை தரும் நிறுவனத்திடம்தான் போக வேண்டும். இங்கேதான் எரிச்சல். புகார் எண்ணில் “இன்டர்நெட் வருதா சார்?” என்பார்கள், வருகிறது என்றால் புகாரை மூடிவிடுவார்கள். குரல் சேவைக்கும் சேர்த்து மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு, குரல் போர்ட் (மோடத்தில் போன் மாட்டும் சாக்கெட்) என்று ஒன்று இருப்பதே தெரியாத ஆளை எதிரில் உட்கார வைத்திருப்பது நியாயமே இல்லை. “போன் வேலை செய்யவில்லை” என்று சொல்லாதீர்கள். “குரல் போர்ட்டில், எதிர்முனை வைத்ததும் பிஸி டோன் வரவில்லை, லைன் கரன்ட் கட்டும் ஆகவில்லை” என்று இதே வார்த்தையில் எழுத்தில் கொடுங்கள். சோதனையைச் செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மோடத்தின் குரல் செட்டிங்கை அவர்கள் தங்கள் பக்கமிருந்தே மாற்ற முடியும்.

கிடங்கு போனுக்கு வருவோம். சுவரில் போன் ஒயர் வந்து சேரும் ரோசெட் பெட்டியைத் திறந்து இரண்டு ஸ்க்ரூவையும் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றில் பச்சைக் களிம்பு ஏறி, கம்பி நூல்போல் மெலிந்திருக்கும். பக்கத்து ஸ்க்ரூ ஓரளவு சுத்தமாக இருக்கும். போன் லைனில் எந்நேரமும் நேர்மின்சாரம் நிற்கிறது. கடலூர்க் காற்றின் உப்பும் ஐப்பசி ஈரமும் சேர்ந்தால் அது முலாம் பூசும் தொட்டிபோல வேலை செய்து, பாசிட்டிவ் பக்கக் கம்பியை மட்டும் அரித்துத் தின்றுவிடும். வெளியே ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட் இருந்தால் அங்கும் இதே கதைதான். டேப் தண்ணீரைத் தடுக்காது. உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும்.

மழை நாளில் கிடங்குக்குப் போகும் கம்பி ஜோடியை இரண்டு முனையிலும் கழற்றி, மல்டிமீட்டரை மெகா ஓமில் வைத்து இரண்டு கம்பிக்கும் இடையே அளந்து பாருங்கள். நல்ல ஒயர் என்றால் மீட்டர் அளவுக்கு மேலே போய்விடும். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் ஒயர் முடிந்தது. ஒட்டுப் போடாமல் மாற்றிவிடுங்கள். மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) கொண்டுவரும் ஆள் இருந்தால், பெட்டியிலிருந்து கழற்றாமல் கையை வைக்கவிடாதீர்கள். அதன் 500 வோல்ட்டில் எக்ஸ்டென்ஷன் போர்ட் போய்விடும்.

புதிதாகப் போடுவது ஜெல்லி நிரப்பிய 5 ஜோடி ஆர்மர்டு கேபிள், நடுவில் ஒட்டே இல்லாமல் ஒரே நீளமாக. இரண்டு ஜோடிதான் தேவை, மூன்று உதிரி. கரன்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள்; ஒரு அடியாவது விலகி ஓடட்டும். ஒட்டுப் போட்டே ஆக வேண்டிய இடத்தில் ஜெல் கனெக்டர்.

உள்ளே ஓடும் ஒயரில் ஒரு மோசடி கொடிகட்டிப் பறக்கிறது. அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு பூசி, செம்பு ஒயர் என்றே விற்கிறார்கள். கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். சுருளைப் பிரிக்காமலே கண்டுபிடிக்கவும் வழி உண்டு. அசல் செம்பில் 0.5 மில்லிமீட்டர் கம்பி, 90 மீட்டர் சுருள் என்றால் ஒரு கம்பியின் முனைக்கு முனை சுமார் 8 ஓம் காட்ட வேண்டும். 12 ஓமுக்குப் பக்கத்தில் காட்டினால் ஒன்று அலுமினியம், அல்லது 0.4 மில்லிமீட்டரை 0.5 என்று தலையில் கட்டியிருக்கிறார்கள். கடையிலேயே, பணம் கொடுக்குமுன் அளந்துவிடுங்கள்.

எல்லா ஒயரும் வந்து சேர்ந்து பிரியும் எம்டிஎஃப் பெட்டி 30 ஜோடி போதும்: பத்து ஜோடி க்ரோன் மாட்யூல் (ஒயரை அடித்துச் செருகும் பட்டை) மூன்று. ஒன்று இபிஏபிஎக்ஸ் பக்கம், ஒன்று கட்டடத்துக்குள் போகும் ஒயர்கள், மூன்றாவது வெளியே போகும் கிடங்கு ஜோடிகளுக்கு மட்டும். க்ரோனில் ஒயரை அதற்கான பஞ்ச் கருவியால் அடிக்க வேண்டும். ‘டக்’கென்று ஒரு சத்தம், மீதி ஒயர் தானாக அறுந்து விழும். ஸ்க்ரூடிரைவரால் குத்துகிற ஆளை அப்போதே நிறுத்துங்கள். அந்த மெல்லிய பிளேடு ஒருமுறை விரிந்தால் பிறகு கம்பியைப் பிடிக்காது. ஆறு மாதத்தில் அங்கேயும் கரகரப்பு.

இடி பாதுகாப்பை எல்லோரும் லைன் பக்கம் போடுவார்கள். உங்களுக்கு லைன் பக்கம் கண்ணாடி இழை. அதில் இடி வராது (கேபிளோடு இரும்புக் கம்பி ஒட்டியிருந்தால் அதை வெளிச்சுவரிலேயே நறுக்கிவிடச் சொல்லுங்கள்). இப்போது ஆபத்து கரன்ட் லைனிலும், திறந்த வெளியைக் கடக்கும் கிடங்கு ஒயரிலும்தான். எனவே அந்த இரண்டு ஜோடிக்கும் இரண்டு முனையிலும் ஜிடிடி புரொடெக்டர் (இடி மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பும் வாயுக் குழாய்), மொத்தம் 4. எர்த் இல்லாமல் அவை வெறும் அலங்காரம். எர்த் ஒயரைக் கடையின் மெயின் எர்த்தோடு பச்சை ஒயரில் இணைக்க வேண்டும். நியூட்ரலில் போடுகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உப்பு மண்ணில் ஜிஐ குழாய் சீக்கிரம் துருப்பிடிக்கும். செம்பு பூசிய எர்த் ராடே நல்லது.

கொட்டேஷனில் “பவர் ஃபெயில் டிரான்ஸ்ஃபர்” என்று ஒரு வரி இருக்கலாம். கரன்ட் போனாலும் முதல் லைன் முதல் எக்ஸ்டென்ஷனில் நேராகப் பேசும் என்பார்கள். இதை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் புயல் வருகிற ஊர் நமது. 2011 டிசம்பர் 30 ‘தானே’ புயலும், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சலும் இந்தக் கரையில்தான் ஏறின. அந்த வசதி செம்பு லைனில் உண்மை. லைனுக்கான மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது. ஃபைபரில் மோடம் அணைந்தால் லைனே இல்லை. பெட்டி எதை எதற்கு மாற்றும்? மோடத்தையும் யுபிஎஸ்ஸில் மாட்டினால் அந்த வரி மறுபடி உண்மையாகும். ஆனால் அப்போதும் முதல் எக்ஸ்டென்ஷனில் சாதாரண போன் இருக்க வேண்டும். கார்ட்லெஸ் என்றால் அதன் பேஸுக்கும் கரன்ட் வேண்டும். ஆபரேட்டர் மேஜையில் இருக்கும் அந்தப் பெரிய டிஸ்ப்ளே போன், பெட்டி அணைந்ததும் சேர்ந்தே அணையும். உங்கள் பக்கம் எல்லாம் எரிந்தாலும், ஃபைபர் புறப்படும் சேவை நிறுவன அறையின் பேட்டரி தீர்ந்தால் கதை முடிந்தது. அது உங்கள் கையில் இல்லை. புயல் எச்சரிக்கை வந்தால் இரண்டு எண்ணையும் செல்போனுக்குத் திருப்பிவிடுங்கள். பெட்டியில் திருப்பினால் பெட்டியோடு போய்விடும். சேவை நிறுவனத்தின் பக்கம் செய்ய வேண்டும்.

பெட்டிக்கு 30 வாட், மோடத்துக்கு 10 வாட் என்று வையுங்கள். 600 விஏ யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி இதை ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். கடையில் 150 ஏஹெச் இன்வெர்ட்டர் இருந்தால் அதில் இணையுங்கள். வேறு சுமை இல்லையென்றால் ஒரு நாள் ஓடும். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும், இல்லையென்றால் எல்லாப் போனிலும் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் கேட்கலாம்.

இத்தனைக்கும் பிறகு பெட்டியே பழுது என்று தெரிந்தால் புதிது வாங்குங்கள். எட்டு எக்ஸ்டென்ஷனுக்கு அனலாக் பெட்டியே போதும். கொட்டேஷனில் “24 எக்ஸ்டென்ஷன்” என்றிருந்தால், “இன்றைக்கு உள்ளே கார்டு மாட்டியிருப்பது எத்தனைக்கு?” என்று கேளுங்கள். கூடு 24 தாங்கும், கார்டு 8-க்குத்தான் இருக்கும். மீதிக் கார்டை இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் உற்பத்தி நின்றுவிட்டது என்பார்கள். அல்லது பழைய பெட்டியில் பிடுங்கிய கார்டைத் துடைத்துக் கொடுப்பார்கள். புதுச்சேரியில் வாங்கினால் வரி மிச்சம் என்பது பழைய காலத்துக் கணக்கு. 2017 ஜூலைக்குப் பிறகு இரு பக்கமும் ஒரே ஜிஎஸ்டி விகிதம்தான். பழுது என்றால் ஆள் இருபது கிலோமீட்டர் தாண்டி வர வேண்டும், அதைக் கணக்கில் எடுங்கள்.

பாஸ்வேர்டுதான் இந்தத் தொழிலின் பெரிய பிடி. பெட்டியைப் பொருத்தியவர் புரோகிராம் பாஸ்வேர்டை மாற்றித் தானே வைத்துக்கொள்வார். ஒரு எக்ஸ்டென்ஷன் எண்ணை மாற்றக்கூட அவர் காலில் விழ வேண்டும். பாஸ்வேர்டை எழுத்தில் வாங்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். வெளியிலிருந்து அழைத்து உள்ளே நுழைந்து உங்கள் லைனில் வேறு எண்ணுக்குப் பேசும் டிசா வசதி தேவையில்லையென்றால் அணைத்துவிடச் சொல்லுங்கள். திறந்து கிடந்தால் யாரோ வெளிநாட்டுக்குப் பேசுவார்கள், பில் உங்களுக்கு வரும். ஐஎஸ்டியைச் சேவை நிறுவனத்திடமே பூட்டிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் எந்த ஜோடி, என்ன நிறம், எந்த எண், எந்த மேஜை என்று ஒரு தாளில் எழுதி, எம்டிஎஃப் கதவின் உட்புறம் ஒட்டச் சொல்லுங்கள். தேதியும் போடட்டும்.