டயரைக் கொளுத்தாதீர்கள், ரிம்மைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: அப்பா வாங்கிய பழைய ராணுவ வில்லிஸ் ஜீப் இருபது வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. டயர்கள் துருவோடு ரிம்மில் ஒட்டிவிட்டன. பஞ்சர் கடைக்காரர் நெருப்பு வைத்தால் கழன்றுவிடும் என்கிறார். புரோக்கர் ஒருவர், ரிம் அழுகிவிட்டது, நான்கையும் கொடுத்தால் வேறு நான்கு தருகிறேன் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? – வாசகர், குன்னூர்

பதில்: இருவர் சொல்வதையும் கேட்காதீர்கள்.

முதலில் நெருப்பு. காற்று இறங்கிய டயராக இருந்தாலும் ரிம்மைச் சூடாக்கினால் உள்ளே ரப்பர் கருகி வாயு சேரும். அது வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் பிழைப்பது அரிது. வெடிக்காமல் போனாலும் ரிம் கோணிக்கொள்ளும்.

அடுத்து புரோக்கர். ஜீப்பின் சக்கரத்தை நேராக நின்று பாருங்கள். நடுவில் ஐந்து நட்டு மட்டும் இருந்தால் அது ஒற்றைத் துண்டு ரிம். அந்த ஐந்தைச் சுற்றி வெளிவட்டத்தில் இன்னும் எட்டு நட்டு இருந்தால், அது இரண்டு பாதிகளைச் சேர்த்து முடுக்கிய காம்பட் ரிம். இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்புகளில் வந்தது. பழைய ஜீப்பைச் சீரமைப்பவர்கள் இதற்காக அலைகிறார்கள். அழுகிய ரிம்மை வாங்கிக்கொண்டு நல்லதைக் கொடுக்க எந்த வியாபாரிக்கும் அவசியம் இல்லை. அவர் தருவது பெரும்பாலும் ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்துப் பெயிண்ட் அடித்ததாக இருக்கும்.

காம்பட் ரிம் என்றால் இதை இரண்டு முறை படியுங்கள். டயரில் காற்று இருக்கும்போது அந்த எட்டு நட்டில் ஒன்றைக்கூடத் தளர்த்தக் கூடாது. தளர்த்தினால் ரிம்மின் ஒரு பாதி பிய்த்துக்கொண்டு உங்கள் முகத்தை நோக்கிப் பாயும். வண்டியிலிருந்து சக்கரத்தைக் கழற்றுவதற்கு நடு ஐந்து. ரிம்மைப் பிரிப்பதற்கு வெளி எட்டு. சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்பே வால்வுக்குள் இருக்கும் பின்னைத் திருகி வெளியே எடுங்கள். 'புஸ்' சத்தம் வரவில்லை என்பதால் காற்று இல்லை என்று நினைக்காதீர்கள், துரு அடைத்திருக்கலாம். மெல்லிய கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள். டயரின் பக்கவாட்டை அழுத்தினால் தொய்ய வேண்டும். பிறகுதான் ஸ்பேனர். வில்லிஸில் இடது பக்கச் சக்கரங்களின் நடு நட்டுகளுக்கு எதிர் மரை. கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் நீளக் குழாய் மாட்டி ஏறி மிதித்து போல்ட்டை முறித்தவர்கள் நிறைய.

இனி ஒட்டுப் பிடித்த இடம். டயர் விளிம்பும் ரிம்மும் சேரும் கோட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருவை இளக்கும் எண்ணெயை இரண்டு பக்கமும் விட்டு ஊற விடுங்கள். மறுநாளும் விடுங்கள். டயரை எப்படியும் தூக்கிப் போடப் போகிறோம், அதனால் டீசல் பட்டாலும் பரவாயில்லை. பெட்ரோல் மட்டும் வேண்டாம். பிறகு சக்கரத்தைத் தரையில் படுக்க வைத்து, கனமான வண்டியின் சேஸிக்கு அடியில் தள்ளி, ரிம்மை ஒட்டி டயரின் மேல் ஒரு கட்டையும் அதன் மேல் ஜாக்கியும் வைத்து ஏற்றுங்கள். வண்டியின் பாரம் டயரைக் கீழே அமுக்கும். ஒரே இடத்தில் முழுக்க அமுக்காமல் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போக வேண்டும். சம்மட்டி வேண்டாம். காம்பட் ரிம்மில் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் உளி அடிக்கவே கூடாது.

அதற்கும் அசையாவிட்டால் ரப்பரை அறுத்துவிடுங்கள். விளிம்புக்குள் எஃகுக் கம்பி இருக்கும், அதை ஹேக்ஸா பிளேடால் பொறுமையாக அறுக்க வேண்டும். கிரைண்டர் வைத்தால் ரிம்மில் வெட்டு விழும்.

2021இல் மத்திய அரசு 50 வயது தாண்டிய வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், நம்பரில் 'விஏ' எழுத்து. ஆனால் இந்த வண்டிகளின் சக்கரத்தைப் பாதுகாப்பாகக் கழற்றத் தெரிந்த ஆளை எங்கே தேடுவது? ரிம்மைப் பிரித்துச் சேர்த்தபின் இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும். எத்தனை பஞ்சர் கடையில் அந்தக் கூண்டு இருக்கிறது? கேட்பாரே இல்லை, எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது.

ரிம் தனியாக வந்ததும் ஸ்க்ரூடிரைவர் முனையால் துருவை அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்த ரிம் ரோட்டுக்கு ஆகாது. இறங்காவிட்டால் மணல் அடித்துச் சுத்தம் செய்யக் கொடுக்கலாம். கொடுக்கும் முன் நான்கின் உட்புறத்திலும் பஞ்ச் வைத்து ஓர் அடையாளம் குத்தி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிக் கொடுக்கும் கடைகள் உண்டு.